கடும் நோயுற்ற குழந்தைகளுக்கான நன்கொடை: கட்டடத்துக்கா, வீட்டுக்கு வரும் தாதிக்கா?

கோலாலம்பூரில் ஓர் ஆலய நிர்வாகமோ வணிகர் சங்கமோ குடும்ப அறக்கட்டளையோ கடும் நோயுற்ற குழந்தைகளுக்கு உதவ வேண்டும் என்று கூடி உட்கார்ந்தால், பேச்சு சீக்கிரமே கட்டடத்தில் வந்து நிற்கும். குழந்தைகளுக்கென்று தனி ஹோஸ்பிஸ் இல்லம், அதாவது குணமாகாத நோயோடு வாழ்பவர்களைப் பராமரிக்கும் இடம். நிலம் வாங்கலாம், அடிக்கல் நாட்டலாம், கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறிக்கலாம். எண்ணத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கையில் இருப்பது அளவான தொகை என்றால், கட்டடம் வரிசையில் கடைசியாக வர வேண்டும் என்பது எங்கள் கருத்து. மருத்துவமனைக் குழுவுக்குக் கைகொடுப்பது, வீடு தேடிப் போகும் குழுவில் சிறார் தாதியைச் சேர்ப்பது, கருவிகளை இரவல் தருவது, பெற்றோருக்கு ஓய்வு கொடுப்பது ஆகிய மற்ற வழிகளோடு சேர்த்துப் பார்த்தால் காரணம் புரியும்.

யாருக்காக என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஹோஸ்பிஸ் என்றதும் கடைசிச் சில வாரங்கள் நினைவுக்கு வருவதற்குக் காரணம், பெரியவர்களின் புற்றுநோயை வைத்தே அந்தச் சொல்லைப் பழகியிருப்பதுதான். குழந்தைகளில் கணக்கு வேறு. நோய் கண்டறிந்த நாளிலிருந்தே, குணமாக்கும் சிகிச்சையோடு கைகோத்து, வலியையும் மற்ற வேதனைகளையும் குறைக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் தொடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இப்படிப் பராமரிப்புத் தேவைப்படும் குழந்தைகளின் நோய்களுக்கு 1997-ல் பிரிட்டனில் வகுத்த நான்கு பிரிவுகள் இன்றும் பயன்படுகின்றன. குணமாக வாய்ப்புள்ள, ஆனால் கைவிட்டும் போகக்கூடிய நோய்கள் முதல் பிரிவு. புற்றுநோய் இதில் சேரும். சிகிச்சையால் ஆயுளை நீட்டலாம், ஆனால் இளவயதிலேயே முடிந்துவிடும் என்ற நிலை இரண்டாவது. டுஷேன் தசைச்சிதைவு ஓர் எடுத்துக்காட்டு. குணமாக்கும் மருந்தே இல்லாமல் நாளுக்கு நாள் மோசமாகும் வளர்சிதைமாற்ற நோய்கள் மூன்றாவது. மூளைப் பாதிப்பு கூடாவிட்டாலும் அதன் விளைவுகள் உயிருக்கு ஆபத்தாகும் கடுமையான பெருமூளை வாதம் நான்காவது. கடைசி இரண்டு பிரிவுப் பிள்ளைகளுக்கு உதவி ஆண்டுக்கணக்கில் வேண்டும். ஒரு படுக்கை கொடுத்துத் தீர்க்கிற பிரச்சினை இல்லை இது.

தனி இல்லம்

குழந்தைகளுக்கான முதல் ஹோஸ்பிஸ் இல்லம் 1982-ல் ஆக்ஸ்ஃபர்டில் திறந்தது. பலர் நினைப்பதுபோல அது சாவதற்கான இடமாகத் தொடங்கவில்லை. பல ஆண்டு பிள்ளையைப் பார்த்துக் களைத்த பெற்றோர் சில நாள் தூங்கி எழ ஓர் இடம் என்பதே நோக்கம். பிரிட்டனின் சிறார் இல்லங்கள் இன்றும் பெருமளவு அந்த வேலையைத்தான் செய்கின்றன.

கட்டும் செலவு ஒரு தடவை. நடத்தும் செலவு நிற்காது. அதை ஆள் கணக்கில் பார்ப்போம். வாரத்துக்கு 168 மணி நேரம். நம் வேலைவாய்ப்புச் சட்டப்படி 2023 முதல் வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 45 மணி. ஒரு தாதி எந்நேரமும் பணியில் இருக்க 3.7 பேர் வேண்டும். ஆண்டு விடுப்பு, மருத்துவ விடுப்பு, பொது விடுமுறை, பயிற்சி நாள் எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர். மார்ஃபின் போன்ற கடும் வலிக்கான மருந்தை எடுக்கும்போது இன்னொருவர் பக்கத்தில் நின்று சரிபார்க்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் அடுத்த பிள்ளையைப் பார்க்கவும் ஆள் வேண்டும். ஆகவே ஒரு ஷிப்டுக்கு இருவர், மொத்தம் 10 தாதியர். படுக்கை நான்கானாலும் ஆறானாலும் இந்த எண் குறையாது. மருத்துவர், சமையல், துப்புரவு, சலவை எல்லாம் இதற்கு மேல். 1998-ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள் சட்டத்தின்கீழ் உரிமமும் எடுத்தாக வேண்டும்.

அதே 10 பேர் வீடு வீடாகப் போனால்? சிறார் வீட்டு வருகை ஒன்றுக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கு நெரிசலையும் சேர்த்தால் நாளுக்கு மூன்று வீடுகள். வாரத்தில் நான்கு நாள் வெளிவேலை, ஒரு நாள் பதிவேடும் கூட்டமும் என்று வைத்தால் ஒருவருக்கு 12 வருகைகள், பத்துப் பேருக்கு 120. இல்லத்தில் ஒரே நேரத்தில் ஆறு பிள்ளைகள். வீடுகளில் வாரம் ஒருமுறை பார்த்தாலும் 120 பிள்ளைகள். வீட்டு வருகை ஒரு மணி நேரம்தான், இல்லத்தின் படுக்கையோ 24 மணி நேரம் என்பது சரியான எதிர்வாதம். அதனால்தான் இல்லத்தை வேண்டாம் என்று சொல்லாமல் கடைசியில் வைக்கிறோம்.

இன்னொன்று, இடம். மலிவாகக் கிடைக்கும் நிலம் நகரத்துக்கு வெளியேதான் இருக்கும். காஜாங் பக்கம் இல்லம், செந்தூலில் குடும்பம் என்றால், பள்ளிக்குப் போகும் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது? பாட்டி எப்படி வந்து போவார்? இருப்பினும் இல்லம்தான் சரி என்ற நிலை சில குடும்பங்களுக்கு உண்டு. வாடகை அறையில் ஐந்து பேர், மின்தூக்கி அடிக்கடி பழுதாகும் பிபிஆர் (அரசின் மலிவு வீடமைப்பு) அடுக்குமாடியின் பத்தாவது மாடி, தனியாளாக ஷிப்டு வேலைக்குப் போகும் தாய். இவர்களுக்கு இரண்டு மூன்று படுக்கைகள் போதும். ஏற்கெனவே உரிமத்தோடு நடக்கும் ஓர் இடத்தில் அவற்றை ஒதுக்கச் சொல்லிச் செலவைப் பொறுப்பேற்பது, புதிதாகக் கட்டுவதைவிட எளிது.

மருத்துவமனைக் குழு

கோலாலம்பூர், கம்போங் பாருவில் 2019-ல் திறந்த துங்கு அஸிஸா மருத்துவமனை பெண்களுக்கும் குழந்தைகளுக்குமானது. சிறார் நிபுணர்கள் பலர் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். கட்டுக்கு அடங்காத வலி, ரத்தம் ஏற்றுவது, தொற்றுக்கு ஊசி மருந்து, மூச்சுக்குழாய் வைக்கலாமா வேண்டாமா என்ற முடிவு, இவற்றுக்கு மருத்துவமனையை விட்டால் வேறு இடம் இல்லை. குடிமக்களுக்கு அரசு மருத்துவமனையின் மூன்றாம் வகுப்பு வார்டு கட்டணமும் சிறியதே.

நன்கொடையாளர் இதில் நேரடியாகச் செய்யக்கூடியது குறைவு. அரசு ஊழியர் சம்பளத்தை வெளியார் கொடுக்க முடியாது. செய்யக்கூடியது பயிற்சிக் கட்டணம், வெளியூர்க் குடும்பத்தின் தங்கும் செலவு, வண்டிச் செலவு. மரபணு நோய்க்காகப் பினாங்கிலிருந்து கோலாலம்பூர்ப் பொது மருத்துவமனைக்கு வரும் குடும்பத்துக்கு இந்தச் சிறு தொகை பெரிய உதவி.

மருத்துவமனை வழி எங்கே சறுக்குகிறது என்பது தெரிந்ததுதான். வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு அனுப்பும்போது. புதிதாக மாற்றிய மருந்து, அதன் அளவு தாதிக்குத் தெரியும், தாய்க்குப் பாதி தெரியும், சனி இரவு யாரை அழைப்பது என்பது ஒருவருக்கும் தெரியாது. ஞாயிறு காலை அதே பிள்ளை அவசரப் பிரிவில் வரிசையில் இருக்கும்.

வீட்டுக்குச் செல்லும் குழு

பணம் அதிகம் வேலை செய்வது இங்கேதான். தொடக்கப்புள்ளியும் ஏற்கெனவே இருக்கிறது. செராஸில் இயங்கும் ஹோஸ்பிஸ் மலேசியா 1991 முதல் கிள்ளான் பள்ளத்தாக்கில் கட்டணம் வாங்காமல் வீட்டுப் பராமரிப்பு தருகிறது, குழந்தைகளையும் ஏற்கிறது. பினாங்கிலும் தொண்டு ஹோஸ்பிஸ் அமைப்புகள் வீடுகளுக்குச் செல்கின்றன. 2019 முதல் 2030 வரைக்கான தேசிய நோய்த்தணிப்புப் பராமரிப்புக் கொள்கையும் உண்டு. ஆகவே புதிய அமைப்பு தொடங்குவது வீண். இருக்கும் குழுவில் சிறார் வார்டில் பழகிய ஒரு தாதியைச் சேர்த்து, அவருக்குச் சம்பளமும் வண்டியும் மூன்று ஆண்டுக்கு உறுதி செய்வது நல்லது.

பெரியவர்களைப் பார்த்துத் தேர்ந்த தாதி போதாதா என்று கேட்பார்கள். போதாது. பெரியவர் “வலிக்குது” என்பார். பேச முடியாத ஐந்து வயதுப் பிள்ளையின் வலியை முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் கொடுத்து அளக்கிறார்கள். ஃபிளாக் அளவுகோல் என்று பெயர். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கு அதிலும் திருத்தம் வேண்டும். வலி வந்தால் அந்தப் பிள்ளை சிரிக்கலாம், விறைக்கலாம், ஒன்றும் செய்யாமல் அடங்கியும் போகலாம். “இவனுக்கு வலி வந்தால் என்ன செய்வான்?” என்று தாயிடம் கேட்டு அதையே தாளில் எழுதி வைப்பதுதான் முறை.

மருந்தும் அப்படியே. எல்லாம் எடைக்கேற்ப. பாரசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. குழந்தைகளின் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2012-ல் இரண்டே படிகளைப் பரிந்துரைத்தது: லேசான வலிக்கு பாரசிட்டமால் அல்லது ஐபுப்ரோஃபன், அதற்கு மேல் நேராக மார்ஃபின். நடுவில் இருந்த கோடீனை எடுத்துவிட்டார்கள். சில பிள்ளைகளின் உடல் அதைக் குறைவாக மாற்றிப் பயனில்லாமல் செய்யும், சிலரது உடல் அதிகமாக மாற்றி மூச்சை அடக்கிவிடும் என்பதே காரணம்.

மார்ஃபினில் நடக்கும் தவறுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு கணக்கு. 20 கிலோ பிள்ளைக்கு மருத்துவர் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 4 மி.கி. எழுதியிருக்கிறார். நாளுக்கு 24 மி.கி. இடையில் வலி பீறிட்டால் கொடுக்கும் கூடுதல் வேளை, நாள் மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம்: 1.2 முதல் 2.4 மி.கி. வரை. இப்போது சீசாவைப் பாருங்கள். 5 மி.லி.க்குள் 10 மி.கி. உள்ள கரைசல் என்றால் 4 மி.கி. என்பது 2 மி.லி. அதே 5 மி.லி.க்குள் 5 மி.கி. உள்ளது என்றால் 4 மி.லி. “நாலு கொடு” என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்ட சித்தி, அடர்த்தியான சீசாவிலிருந்து 4 மி.லி. கொடுத்தால் அது இரண்டு மடங்கு. ஆகையால் தாளில் மி.கி.யும் மி.லி.யும் இரண்டும் இருக்க வேண்டும், வாய்வழி ஊசிக்குழலில் அந்தக் கோட்டில் நிறத் தாள் ஒட்டியிருக்க வேண்டும், வீட்டுத் தேக்கரண்டி பக்கத்திலேயே இருக்கக்கூடாது. சீசா மாறினால் தாளும் அன்றே மாற வேண்டும்.

மெதுவாகக் கரையும் மார்ஃபின் மாத்திரையை இடித்து உணவுக்குழாயில் விடுவது இன்னொரு தவறு. 12 மணி நேரத்துக்கான மருந்து ஒரே அடியில் இறங்கிவிடும். எடையைப் புதுப்பிக்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கும். 14 கிலோவில் எழுதிய அளவு, மூன்று மாதத்தில் 11 கிலோவான பிள்ளைக்குப் பொருந்தாது. மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் நாலாம் நாள் வயிறு உப்பி, குடும்பம் “இந்த மருந்தே வேண்டாம்” என்று நிறுத்தும். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கம் இருக்கும் என்று முன்பே சொல்லாவிட்டால், “மார்ஃபின் கொடுத்தால் முடிந்தது” என்று தாத்தா பாட்டிக்கு இருக்கும் பயம் உறுதியாகிவிடும். 1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வரும் மருந்து என்பதால் பூட்டிய அலமாரியில் வைத்து, கொடுத்த நேரமும் அளவும் எழுதி, மிஞ்சியதை மருந்தகத்திடமே திருப்பித் தர வேண்டும்.

இதையெல்லாம் பகலில் சொல்லிக்கொடுத்துவிடலாம். இரவுதான் சோதனை. 168 மணி நேரத்தில் அலுவலக நேரம் 45 போக, 123 மணி நேரம் வீட்டில் பெற்றோர் மட்டும் இருக்கிறார்கள். எனவே வீட்டுக் குழுவுக்கு நிதி கொடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது, அதிகாலை மூன்று மணிக்குத் தொலைபேசியை யார் எடுப்பார் என்பதை. எடுப்பவர் முன்னால் பிள்ளையின் தாள் இருக்க வேண்டும்: எடை, மருந்துகள், கடைசியாக மாற்றிய அளவு, குடும்பம் ஏற்கெனவே எடுத்த முடிவுகள். தமிழில் பேச வேண்டும். புலனத்தில் (வாட்ஸ்அப்) காணொளி அழைப்பு வைத்தால் மூச்சையும் நிறத்தையும் நேரில் பார்க்கலாம். இந்தப் பணியை ஒரே தாதியின் தலையில் சுமத்தினால் ஒரு வருடத்தில் அவர் விலகிவிடுவார். ஐந்து பேர் முறைவைத்து எடுக்க வேண்டும், ஒவ்வோர் இரவுக்கும் படி கொடுக்க வேண்டும். நன்கொடையில் இந்தப் படி பட்டியலில்கூட வராமல் போவதுதான் வழக்கம்.

தொலைபேசியில் சொல்லும் அறிவுரை பலிக்க வேண்டுமானால் மருந்து வீட்டிலேயே இருக்க வேண்டும். அதற்குத்தான் முன்னேற்பாட்டுப் பெட்டி. வாய்வழி மார்ஃபின், வலிப்புக்குக் கன்னத்தின் உட்பக்கம் விடும் மிடசோலம் அல்லது ஆசனவாய் வழி டையசிபம், தொண்டைச் சளிக்கு ஹயோசின், வாந்திக்கு ஒரு மருந்து, பாரசிட்டமால் ஆசனவாய் மாத்திரை, 1 மி.லி. மற்றும் 5 மி.லி. ஊசிக்குழல், கையுறை. மேலே ஒரு தாள்: எந்த அறிகுறிக்கு எது, எத்தனை மி.லி., எத்தனை நிமிடத்தில் திரும்ப அழைப்பது. கரைசலைத் திறந்த தேதியைச் சீசாவில் ஒட்ட வேண்டும். தைப்பூசம், சீனப் புத்தாண்டு, தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே பெட்டியைப் பார்த்து நிரப்ப வேண்டும். பினாங்கில் தண்ணீர்மலைச் சாலையும் கோலாலம்பூரில் பத்துமலைப் பக்கமும் அடைபட்டிருக்கும்போது மருந்தோடு வண்டி வராது.

வீட்டிலேயே கடைசி நேரம் என்று குடும்பம் முடிவெடுத்திருந்தால், அதை மருத்துவர் கடிதமாக எழுதிக் கையில் கொடுத்திருக்க வேண்டும். பதற்றத்தில் யாரோ 999-ஐ அழைத்துவிட்டால் ஆம்புலன்ஸ் குழு நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கவே முயலும். அது அவர்கள் கடமை. எந்த எண்ணை முதலில் அழைப்பது, மரணச் சான்றுக்கு யார் கையெழுத்திடுவார், போலீஸ் நிலையத்திலும் தேசியப் பதிவு இலாகாவிலும் என்ன காட்டுவது என்பதைத் தாதி அமைதியான ஒரு பகலில் பேசி முடித்திருக்க வேண்டும். சிறு பிள்ளைகளை எரியூட்டாமல் புதைக்கும் குடும்பங்கள் நம்மில் பல. இடத்தையும் முன்பே விசாரித்து வைப்பது கொடுமையாகத் தோன்றினாலும் அந்த இரவில் அது ஒரு சுமை குறைவு.

கருவி இரவல்

நன்கொடையாளருக்குப் பிடித்த வழி இது, படம் எடுத்துக்கொள்ளலாம். தேவையும் உண்மையானது. ஆனால் பெரியவர் சக்கர நாற்காலி, முதுகு வளைந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு உதவாது. சாய்த்து, இடுப்பையும் தலையையும் தாங்கும் சிறார் நாற்காலி வேண்டும். சளி உறிஞ்சும் கருவி கொடுத்தால், அழுத்தம் 120 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டாமல், ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் போகாமல் உறிஞ்ச யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும்.

காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவியான ஆக்ஸிஜன் செறிவூட்டி கொடுப்பவர்கள் மின்கட்டணத்தை மறந்துவிடுகிறார்கள். 5 லிட்டர் கருவி ஏறக்குறைய 350 வாட் எடுக்கும். நாள் முழுக்க ஓடினால் 8.4 யூனிட், மாதம் 250 யூனிட்டுக்கு மேல். மின்சாரம் போனால் கைகொடுக்க 680 லிட்டர் கொள்ளும் ஒரு கலன் வேண்டும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் அது ஐந்தரை மணி நேரம் வரும். மூச்சுத் திணறல் எல்லாவற்றுக்கும் ஆக்ஸிஜன் மருந்தும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் சரியாக இருந்தால், முகத்தில் காற்றுப் படும்படி வைத்த சிறு மின்விசிறியும் குறைந்த அளவு மார்ஃபினும் அதைவிட நன்றாக உதவலாம். கருவிக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு பங்கைப் பழுதுபார்க்கவும் வடிகட்டி மாற்றவும் ஒதுக்காவிட்டால், இரண்டாம் வருடம் சாமான்கள் கிடங்கில் கிடக்கும்.

பெற்றோருக்கு ஓய்வு

பயிற்சி பெற்ற ஒருவர் வாரம் ஒருமுறை நான்கு மணி நேரம் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வது. தாய் தூங்கலாம், மற்றப் பிள்ளையின் பள்ளிக்கூட நிகழ்ச்சிக்குப் போகலாம். வருபவருக்குக் குழாய்வழி உணவு கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்: மூக்குக்குழாயில் எடுத்த திரவத்தின் பி.எச். (அமிலத்தன்மை அளவு) 5.5-க்கு மேல் இருந்தால், குழாய் வயிற்றில் இல்லாமலிருக்கலாம் என்பதால், உணவு விடாமல் தாதியை அழைக்க வேண்டும். அது தெரியாத நல்ல மனதுக்காரர் வந்தால் தாய்க்கு ஓய்வு கிடைக்காது, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

எப்படி முடிவெடுப்பது

பணம் ஒரே தடவை வருவதா, ஆண்டுதோறும் வருவதா என்பதைப் பொறுத்தே பாதி முடிவு அமையும். ஒரு தடவைத் தொகையை வைத்துச் சம்பளம் ஏற்படுத்தினால் நடுவில் அறுந்துவிடும். அதைக் கருவி, வண்டி, தாதியின் பயிற்சி ஆகியவற்றில் போடலாம். ஆண்டுதோறும் உறுதியாகத் தர முடிந்தால் முதலில் சிறார் தாதி, அடுத்து இரவுப் படி, பிறகு ஓய்வு நேரம்.

கோலாலம்பூரில் நிபுணர்களும் குழுவும் இருக்கின்றன. குறை, வார்டுக்கும் வீட்டுக்கும் இடையில். ஒரே தாதி வெள்ளிக்கிழமை வார்டில் நின்று, வீட்டுக்குப் போகும் பிள்ளையின் தாளையும் பெட்டியையும் சரிபார்த்து, சனிக்கிழமை அழைத்து விசாரிப்பதற்கு நிதி கொடுத்தாலே நிறைய மாறும். பினாங்கில் தீவும் பெருநிலமும் பிரிந்திருப்பதே பெரிய இடைஞ்சல். பாலத்தில் நெரிசல் நேரத்தில் ஆயர் ஈத்தாமிலிருந்து பிறைக்குப் போய்வருவதில் ஒரு வருகைக்கான நேரம் போய்விடும். ஆகவே அங்கே ஒரு முழுநேரத் தாதிக்குப் பதில், தீவில் ஒருவரும் பட்டர்வொர்த் பக்கம் ஒருவருமாக இரண்டு பகுதிநேரத் தாதியர், கோலாலம்பூர் நிபுணரோடு வாரம் ஒரு காணொளிக் கூட்டம் என்று அமைப்பது பொருந்தும்.

காசோலை எழுதுமுன் அமைப்பிடம் சிலவற்றைக் கேளுங்கள். கடந்த ஆண்டு எத்தனை குழந்தைகள், அதில் புற்றுநோய் அல்லாதவர் எத்தனை. இரவு அழைப்புகள் எத்தனை, எடுக்க எவ்வளவு நேரமானது. பிள்ளை போன பிறகு குடும்பத்தை எத்தனை மாதம் தொடர்ந்து பார்க்கிறார்கள். கொடுத்தபின் கேட்க வேண்டியதும் உண்டு. மூன்று ஆண்டு ஒப்பந்தம் என்றால் முடிவதற்கு ஆறு மாதம் இருக்கும்போதே அடுத்த நிதி பற்றிப் பேசி முடித்துவிட வேண்டும். வேலை நீடிக்குமா என்று தெரியாத தாதி வேறிடம் தேடத் தொடங்கிவிடுவார். அவர் போனால் அவர் பார்த்த அத்தனை பிள்ளைகளின் வலித் தாளையும் புதியவர் முதலிலிருந்து கற்க வேண்டும்.